நாற்பத்திரண்டு பொட்டலம் ஏரி மண்

ஏழாயிரம்பண்ணை
9-8-2006

அன்பு மகன் பாலகுருவுக்கு அம்மா குருவம்மாள் எழுதிக்கொண்டது. நான் இங்கே நல்ல சுகம் என்று எழுதப் போய்க் கையை நிறுத்திவிட்டேன், உடம்புக்கு ஒன்றுமில்லை, அது மட்டும் உண்மை. லடாக் குளிரில் நீ சுகமாக இருக்க அந்த இருக்கன்குடித் தாய்தான் துணை. நடந்தால் மூச்சு வாங்குகிறது என்று போன மாதம் சொன்னாயே, இப்போது பரவாயில்லையா. அவ்வளவு உயரத்தில் இருந்துகொண்டு இங்கே மாதிரி வேகவேகமாக நடக்காதே, ரப்பர் படகில் ஏரிக்குள் போகிறபோது தனியாகப் போகாதே.

இங்கே இன்னும் மழை இல்லை. தீபாவளி சீசன் என்பதால் பட்டாசுக் கம்பெனி வேன் காலை ஆறரைக்கே வந்து ஹாரன் அடிக்கிறது, நான் அதே திரி வெட்டுகிற ஷெட்டில்தான் இருக்கிறேன். சாயங்காலம் வந்து கதவைத் திறந்தால் காலையில் குடித்த தம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கிறது, அதை எடுத்து மாற்றி வைக்கக்கூட வீட்டில் இன்னொரு கை இல்லை. ஒரு வயிற்றுக்காக உலை வைக்கச் சலிப்பாக இருக்கிறது, இரண்டு நாளைக்குச் சேர்த்துப் பொங்கித் தண்ணீர் ஊற்றி வைத்துவிடுகிறேன். இதற்காகப் போனில் சண்டைக்கு வராதே, சண்டை போட வேறு பெரிய காரியம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மே மாதம் வந்தபோது கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டியை வைத்துவிட்டுப் போனாயே, "யம்மா, பெட்டிய மட்டும் தொட்டுராத" என்று மூன்று தடவை சொன்னாயே, அதை நான் திறந்துவிட்டேன் அய்யா. இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால், வேலை இல்லாத நாள், வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. உன் பழைய பச்சைச் சட்டை அதற்குள் இருக்கும், அதைக் கொஞ்ச நேரம் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம் என்று ஒரு ஆசை, வேறொன்றுமில்லை. சட்டையைக் காணோம். சாம்பல் நிறத் தூள், பொட்டலம் பொட்டலமாக, ஒவ்வொன்றிலும் இங்கிலீஷ் எழுத்தும் நம்பரும், வெளிச்சத்தில் பிடித்தால் மினுமினு என்கிறது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பத்திரகாளி உள்ளே வந்தவள் வாசலிலேயே நின்று, "ஏட்டி குருவு, மருந்தயா வீட்டுக்குள்ள வச்சிருக்க, எம்புட்டுத் தைரியம் ஒனக்கு" என்று அலறிவிட்டாள். போன மாதம்தான் பக்கத்து ஊரில் ஒரு வீட்டில் திருட்டுத்தனமாக வெடி சுற்றி மூன்று பேர் போனார்கள். என் பிள்ளையையே சந்தேகப்பட்டாயா என்று கேட்காதே, அந்த நிமிஷம் நீ என் நினைவிலேயே இல்லை. கம்பெனி வெடித்த அன்றைக்கு உன் அப்பாவை எட்டாம் நம்பர் ரூமிலிருந்து போர்வையில் சுற்றித் தூக்கி வந்தார்களே, அதுதான் இருந்தது.

வெடிமருந்தில் கொஞ்சமாகத் தண்ணீர் பட்டால் சூடேறிப் பிடித்துக்கொள்ளும், தாராளமாகத் தண்ணீரில் முக்கினால்தான் அடங்கும் என்று எங்கள் போர்மேன் வாராவாரம் சொல்வார். அதைத்தான் செய்தேன். பின்னால் இருக்கும் சிமெண்டுத் தொட்டியை நிரப்பி, நாற்பத்திரண்டு பொட்டலத்தையும் ஒவ்வொன்றாகக் கிழித்துக் கொட்டி, ஒன்றும் நனையாமல் போய்விடக் கூடாதே என்று கம்பை விட்டுக் கிண்டியும் விட்டேன். கிண்டும்போதுதான் வாசம் வந்தது. மருந்து வாசம் இல்லை, வற்றிய கண்மாயில் கால் வைத்தால் வருமே அந்தச் சேற்று வாசம். அப்படியே தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் தண்ணீர் தெளிந்திருந்தது. மெதுவாக மொண்டு ஊற்றிவிட்டுப் பார்த்தால் அடியில் மணல், அதற்கு மேலே வண்டல், எல்லாவற்றுக்கும் மேலே அரைத்த சந்தனம் போலக் குழைவாக ஒரு படிவு. அப்போதுதான் நீ சொன்னது எல்லாம் எனக்கு விளங்கியது. மே மாதம் தரையில் தண்ணீரைத் தொட்டு வட்டம் போட்டு, இதுதான் ஏரி, ஓடை வந்து விழுகிற வாயில் கல்லும் மணலும் முதலில் இறங்கிவிடும், காற்று அடிக்கிற கரையில் அலை கழுவிக் கழுவி நைஸ் மண்ணை நிற்க விடாது, அது போய்ப் போய் ஆழமான நடுவில்தான் படியும், குளிர்காலத்தில் மேலே பனி மூடித் தண்ணீர் அசையாமல் இருக்கும்போது மிச்சம் இருக்கிற தூசியும் இறங்கும் என்றாய். நான் ம் கொட்டிக்கொண்டு உன் கழுத்தெலும்பு துருத்தியிருப்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏரி மண்ணைப் பற்றிப் படிக்கிறாய் என்று தெரியும், அதைப் பொட்டலம் கட்டி வீட்டுக்கே கொண்டுவருவாய் என்று எனக்குத் தோன்றவில்லை. மண் ஒரு பிடிகூட வீணாகவில்லை அய்யா, எல்லாம் தொட்டியில் இருக்கிறது. எது எந்த இடத்து மண் என்பதுதான் போய்விட்டது, அதுதான் உன் படிப்பே என்று இப்போது தெரிகிறது.

போன வெள்ளிக்கிழமை பத்திரகாளி வீட்டுப் போனில் "பெட்டி பத்திரமா இருக்கா" என்று கேட்டாய், இருக்கு என்றேன். பெட்டி இருக்கத்தானே செய்கிறது, பொய் இல்லையே என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்த மாதக் கடைசியில் உன் சிநேகிதன் கனகசபாபதி வந்து பெட்டியை டேராடூனில் நீ படிக்கிற இடத்துக்கு எடுத்துப் போவான் என்றும் சொன்னாய். அந்தப் பிள்ளை கையில் வெறும் பெட்டியைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவனை வர வேண்டாம் என்று சொல்லிவிடு.

இந்த மண்ணைச் சோதித்து எழுதிக் கொடுத்துவிட்டால் படிப்பு முடிந்தது, பொங்கலோடு மதுரைப் பக்கம் வேலை தேடிக்கொண்டு உன்னோடுதான் இருப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். இனி நீ முதலிலிருந்து படகில் போய் அள்ள வேண்டும். பனி மூடுவதற்குள் எவ்வளவு முடியுமோ, மிச்சத்துக்கு அடுத்த கோடை வரை ஆகும். யாரோ செய்திருந்தால் மண்ணை வாரித் தூற்றியிருப்பேன். என் பிள்ளை வர இருந்ததை என் கையாலேயே ஒரு வருஷம் தள்ளிவிட்டு யாரைப் போய்த் திட்ட. இரண்டு வாரமாக ராத்திரியில் இதே நினைப்புத்தான். எனக்கு உன் மேல் ஏக்கமாக இருக்கிறது பாலகுரு, இதுவரை எழுதியதில்லை, இப்போது எழுதிவிட்டேன்.

கோபம் வந்தால் போன் போட்டுத் திட்டு, வாயை மூடிக்கொண்டு மட்டும் இருந்துவிடாதே. படிப்பை விட்டுவிடாதே, திரும்பப் போய் அள்ளி வா, நான் இருக்கிறேன். நீ எடுத்த காரியம் குறைவில்லாமல் முடிந்து நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். கம்பளித் தொப்பியைக் கழற்றாதே. இனிமேல் பொட்டலம் கட்டினால் இங்கிலீஷோடு தமிழிலும் மண் என்று பெரிதாக எழுது, உன் அம்மா எட்டாம் வகுப்பு வரை படித்தவள். அதை இங்கே கொண்டுவந்து வைக்கிறதாக இருந்தால் பெட்டியை மட்டும் வைத்துவிட்டுப் போகாதே, நீயும் கூட இரு.

இப்படிக்கு
உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா
ச. குருவம்மாள்