கழற்றி வைத்த சீட்

12 நவம்பர் 1978, ஞாயிறு

ஜெயித்துவிட்டேன். பழைய விமான ஓடுதளத்தில் இன்று நடந்த பந்தயத்தில் ஓடிய ஹெரால்டு கார்களில் என் வண்டிதான் முதல். வேகத்துக்காக எஞ்சினில் நான் மாட்டிய இரட்டைக் கார்பரேட்டர் வீண் போகவில்லை. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன், மனம் அதில் நிற்கவில்லை.

எடை குறையட்டும் என்று பின் சீட்டோடு முன் இடது சீட்டையும் நேற்றே கழற்றி வைத்திருந்தேன். அதனால் என் மனைவி வசந்தா பக்கத்து ஃபிளாட் ராகவனின் வண்டியில் வந்தாள், அதிலேயே திரும்பினாள். அவனுடையதும் ஹெரால்டுதான். அதில் ஒரு ஸ்க்ரூவைக்கூட மாற்றாதவன். சும்மா வேடிக்கை பார்க்க வந்தவன்.

சரோஜினி நகரில் எங்கள் வீடு வரை அவன் பின்னாலேயே வந்தேன். முந்திப்போக எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? போகவில்லை. அவன் வண்டியின் பின் கண்ணாடி வழியே இரண்டு தலைகளையும் பார்த்துக்கொண்டே வந்தேன். வசந்தா தலையைச் சாய்த்துச் சிரித்தாள். என் வண்டியில் அவள் உட்காரும் இடத்தில் பரிசுக் கோப்பை உருண்டுகொண்டே வந்தது.

"ரெண்டு பேரும் அப்படி என்ன பேசிண்டு வந்தேள்?" என்று வீட்டில் கேட்டேன்.

"ஒண்ணுமில்லே. நம்ம வண்டி போடற சத்தத்துல பேசினா காதுல விழறதா? அவர் வண்டியில விழுந்தது, பேசினேன்."

காப்பிகூடக் குடிக்காமல் கீழே போய்ச் சீட்டைப் பொருத்தினேன். நான்கு போல்ட்டுதான். மேலே வந்து, நாளைக்கு அவளை அவளுடைய லோதி ரோடு ஆபீசில் நானே இறக்கிவிடுகிறேன் என்றேன்.

"உங்களுக்கு எதுக்கு சிரமம்? ராகவன் அந்த வழியாத்தான் போறாராம்."

அந்தப் பக்கம் திரும்பிப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். முகம் தெரியவில்லை.