குஞ்சின் வாய்ச் சிவப்பு

நெருப்பெரிச்சல்
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள புஷ்பத்துக்கு,

நான் நலம். உன் இடுப்பு வலி குறைந்ததா? அத்தையின் கண் எப்படி இருக்கிறது?

இங்கே பிரிண்டிங் யூனிட்டில் ஒரு சின்னச் சமாச்சாரம். குழந்தைகள் பனியனில் அச்சிட முதலாளி ஒரு பழைய காலண்டரைக் கொடுத்தார். இங்கே நாங்கள் நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் துணி வைத்து அச்சிடுவதுபோல், அந்தக் காலத்தில் நிறத்துக்கு ஒரு கல்லாக வைத்து, கல்லச்சில் அடித்த தேன்சிட்டுப் படம். கூட்டுக்குள் ஒரு குஞ்சு சிவந்த வாயைத் திறந்துகொண்டிருந்தது. நான் அப்படியே வரைந்தேன்.

"தாய்ப் பறவை போதுமுங்க. அந்த வாய்ச் சிவப்புக்குன்னு தனியா ஒரு ஸ்கிரீன் போடணுமுங்களா? குஞ்சை எடுத்துருங்க," என்றார் முதலாளி.

அழிக்கக் கை வரவில்லை. "குஞ்சு இருக்கட்டும் சார்," என்றேன். குரல் உடைந்துவிட்டது. நம் பிள்ளை பிறந்த அன்றே போனது அவருக்குத் தெரியாது. என் முகத்தைப் பார்த்தார்.

"சரி, இருக்கட்டுமுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீ வருத்தப்படாதே, நான் நன்றாகத்தான் இருக்கிறேன். போர்த்திக்கொள்ள உன் பழைய சேலை ஒன்றை யாரிடமாவது கொடுத்தனுப்பு.

சாப்பாட்டு நேரம் முடிகிறது, மெஷின் ஓடத் தொடங்கிவிட்டது. முதல் சாம்பிளில், பிறந்த குழந்தை அளவில் ஒரு பனியனை எடுத்து வைத்திருக்கிறேன். நீ கேட்டால் மட்டும் அனுப்புகிறேன்.

உன்
சூசைராஜ்