ஜோஸ்லின் அப்பா கொட்டிய ‘உம்’

செப். 8, திங்கள்
புழுக்கம். மழை வருவது போலிருந்தது, வரவில்லை. பத்து டேப்லெட்டில் நான்கு சார்ஜ் ஏறவில்லை.

ஏழாம் வகுப்பு, நாட்டுப்புறக் கதைத் திட்டம், மூன்றாவது வாரம். முறை வைத்து டேப்லெட் வீட்டுக்குப் போகும். வீட்டில் கேட்ட கதையைச் சொல்லிப் பதிவு செய்து வர வேண்டும். வகுப்பில் அதைக் கேட்டு எழுத வேண்டும். அவ்வளவுதான். திட்ட அறிக்கையில் இதற்கு எட்டுப் பக்கம்.

இன்று ஜோஸ்லினின் பதிவு. மீன்கூடைக்காரியின் பின்னாலேயே வந்து பேய் மீன் கேட்கும் கதை. சொல்வது அவள். வரிக்கு வரி ‘உம்’ கொட்டுவது அவள் அப்பா. பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர், அந்நாட்டு ராணுவத்தில் இருக்கிறார். வெள்ளி மாலை பதிந்திருக்கிறார்கள். சனிக்கிழமை லீவு முடிந்து கிளம்பிவிட்டார்.

பேய் ஏன் மூன்று முறை கேட்கிறது என்று வகுப்பில் கேட்டேன்.

“மொத ரெண்டு தரம் அந்தம்மாவுக்குக் காது கேக்கல மிஸ்.” அஸ்லம். ஒரே சிரிப்பு.

“இல்ல மிஸ், கதை கேக்குறவங்க தூங்கிட்டாங்களான்னு பாக்கத்தான்” என்றாள் ஜோஸ்லின்.

கல்லூரியில் எனக்கு இது புரிய ஒரு செமஸ்டர் ஆனது.

9, செவ்வாய்
தலைவலி. காபி இரண்டு.

திட்ட ஒருங்கிணைப்பாளர் சார் போனில்: “கதைப் போட்டிக்கு அனுப்புறதுல ஸ்டூடன்ட் வாய்ஸ் மட்டும்தாம்மா இருக்கணும். வேற சத்தம் இருந்தா தள்ளிடுவாங்க. இன்னிக்கே கிளீன் பண்ணிடுங்க.”

ஆறு பதிவுகள். குக்கர் விசில், சீரியல் அழுகை, நாய், யாரோ தும்மல். செயலியில் ஒரு பொத்தான், மற்றதையெல்லாம் நீக்கிவிடுகிறது. அழுத்து, சேமி, அடுத்தது. யோசிக்கவில்லை. ஜோஸ்லின் குரல் தெளிவாக இருந்தது. நன்றாக வந்திருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

10, புதன்
மதிய இடைவேளையில் ஜோஸ்லின், இயர்போனோடு. “ஒரு வாட்டி கேட்டுட்டுத் தந்துடறேன் மிஸ்.”

கேட்டாள். இயர்போனைக் கழற்றி ஊதினாள். மறுபடி மாட்டினாள்.

“அப்பா எங்க மிஸ்?”

“வேற ஃபைல்ல இருக்கும். தேடித் தரேன்.”

பொய். பழையதன் மேலேயே சேமித்தாயிற்று.

11, வியாழன்
கம்ப்யூட்டர் சாரிடம் கெஞ்சிப் பார்த்தேன். “போனது போனதுதான் மேடம்.”

மழை. குடை வீட்டில். பள்ளி வாசலில் ஜோஸ்லின் அம்மா, ஸ்கூட்டரை நிறுத்தி: “அவங்கப்பாவுக்குக் காட்டுல டியூட்டியாம் மிஸ். டிசம்பர் வரைக்கும் போன் கெடையாது. அந்தக் கதையாவது இருக்குதே. ஞாயித்துக்கெழம பூரா அதையே போட்டுப் போட்டுக் கேட்டுக்கினு இருந்தா.”

தலையாட்டினேன். எப்படி ஆட்ட முடிந்ததோ.

12, வெள்ளி
சொல்லிவிட்டேன். காலையில், நூலக அறையில். நான்தான் அழித்தேன். பின்னணி இரைச்சலை எடுக்கிறேன் என்று அழித்தேன்.

அழவில்லை. “எங்கப்பா இரைச்சலா மிஸ்?”

மன்னிப்பு கேட்டேன். போய்விட்டாள்.

நான்கு மணிக்கு அவளே வந்தாள். டேப்லெட்டை மேசைமேல் சாய்த்து வைத்தாள். “நான் சொல்றேன். நீங்க உம் கொட்டுங்க. போட்டிக்கு இல்ல. எனக்கு.”

கொட்டினேன். உடனே நிறுத்தினாள்.

“அங்க இல்ல மிஸ். அவ கூடையை எறக்குனப்புறம்.”

மறுபடி முதலிலிருந்து.

“இவ்ளோ வெடுக்குன்னு சொல்ல மாட்டாரு. இழுக்கணும்.”

மறுபடி. எங்கே இரண்டு உம், எங்கே ஒன்றுமில்லை, எங்கே பாதி உம் பாதி சிரிப்பு, எல்லாம் அவளுக்கு மனப்பாடம். வராந்தா காலி. வாட்ச்மேன் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். தொண்டை வறண்டது. ஐந்தாவது முறை. பேய் மூன்றாம் தடவையாக மீன் கேட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் கையைத் தூக்கித் தடுத்தாள்.

“இங்க உம் இல்ல. இங்க அப்பா கொட்டாவி விட்டாரு.”

விட்டேன். அது மட்டும் முதல் தடவையே சரியாக வந்தது.