ஊரெல்லாம் பல்வலி

அன்புள்ள ஸ்தெலூட்சா அக்காவுக்கு,

உன் தங்கை தொம்னிகா ஆயிரம் முத்தங்களுடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உனக்கு ஏழாவது மாதம் என்பதை அம்மா தெருவில் போகிற கோழியிடம்கூடச் சொல்லிவிட்டாள்.

நாளை காலை இத்தாலிக்குப் போகிற வேனில் அக்ரூட்டும் செம்மறிப் பால் சீஸும் உனக்கு வருகின்றன. கூடவே ஒரு ஜோடி கம்பளிக் காலுறை. அதற்குள் இந்தக் கடிதத்தைச் செருகப்போகிறேன். அம்மாவுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவாள். "புள்ளத்தாச்சிகிட்ட இதப் பத்தி மூச்சு விட்டே, தெரியும் சேதி" என்றிருக்கிறாள். ஆனால் சொல்லாமல் இருக்க எனக்குப் பயமாக இருக்கிறது. போர்வைக்குள் டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன், கையெழுத்துக்கு மன்னித்துவிடு.

அப்பாவைப் பார்த்தால் நோயாளி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பக்கத்து வீட்டு ஒனுஃப்ரி மாமாவின் மனைவிக்கு ஆபரேஷன் என்று ரத்தம் கொடுக்கப் போனார். வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பி வகை மஞ்சள் காமாலைக் கிருமி அவர் ஈரலில் பல வருடமாகச் சத்தமில்லாமல் குடியிருக்கிறதாம்.

அன்றே அம்மா அப்பாவின் கோப்பைப் பிடியில் சிவப்பு நூல் கட்டினாள். தட்டு, கரண்டி எல்லாம் தனி. "என்னை ஆட்டுக்குட்டி மாதிரி அடையாளம் போட்டு வச்சிருக்கா" என்று அப்பா சிரித்தார்.

கோயில் திருவிழா அன்றுதான் அவருக்குச் சிரிப்பு வரவில்லை. நிலவறையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். வழக்கம்போல அப்பா எல்லோருக்கும் பொதுவான ஒரே கிளாஸில் ஒயின் ஊற்றி, முதலில் தான் குடித்து, மறுபடி நிரப்பி ஒனுஃப்ரி மாமாவிடம் நீட்டினார். மாமா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பல்வலி என்றார். அடுத்தவருக்கும் பல்வலி. அவருக்கு அடுத்தவருக்கும்! அப்பாவின் கை நீட்டியபடியே நின்றது. "ஊருக்கே ஒரே நாள்ல பல்வலி. பல் டாக்டரக் கூப்பிடணும்" என்று சொல்லிவிட்டு அவரே குடித்தார்.

அப்புறம் டாக்டர் எங்கள் மூவரையும் வரவழைத்தார். கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "கிளாஸால ஒண்ணும் பரவாதுய்யா. அதுல இருக்கிற ஒயின்தான் உங்க ஈரலுக்கு ஆகாது" என்றார். இது ரத்தத்தால் பரவுவதாம். "வீட்ல உங்க ரேஸரை வேற யாராவது எடுக்கிறாங்களா?" என்று கேட்டார். "அத யாரு தொடப்போறா?" என்றார் அப்பா. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அக்கா.

எனக்கும் அம்மாவுக்கும் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை எனக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. வந்ததும் குதித்தேன்! எனக்கு இல்லை, பிறந்த உடனே போட்ட தடுப்பூசி காப்பாற்றியிருக்கிறது. அம்மாவுக்கும் இல்லை, இப்போது அவளுக்கும் ஊசி போடுகிறார்கள். சிவப்பு நூலை அடுப்பில் போட்டுவிட்டு அப்பாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். ஒனுஃப்ரி மாமா தானாகவே வந்தார். "பல்வலி போயிடுச்சுடா கவ்ரில், ஊத்து" என்றார். அப்பா திராட்சைச் சாறு குடித்துவிட்டு, அதே கிளாஸில் அவருக்கு ஒயின் ஊற்றினார். இரண்டு பேரும் பாடிய பாட்டைக் கேட்டு நாய் ஊளையிட்டது.

இனிமேல்தான் விஷயம். நீ தூரத்தில் இருப்பதால் உனக்கு ஒன்றும் வராது என்று அம்மா நினைக்கிறாள். அந்த ரேஸரைப் பற்றி அவளுக்குத் தெரியாது. நடனத்துக்குப் போகுமுன் குளியலறைக் கதவைத் தாழிட்டு நீ எனக்குக் கால் சிரைக்கக் கற்றுக்கொடுத்தாயே, உன் காலில் வெட்டு விழுந்ததும் செய்தித்தாள் துண்டை ஒட்டினாயே, அந்த ரேஸர் அப்பாவுடையதுதான். நீ பிறந்தபோது இங்கே அந்த ஊசி வரவில்லை என்று டாக்டர் பேச்சுவாக்கில் சொன்னார்.

அக்கா, இது கைக்கு வந்த உடனே உன் டாக்டரிடம் போய், இந்தக் கிருமிக்கு உன் ரத்தத்தைப் பார்த்தாயிற்றா என்று கேள். ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள் என்றால் என்னை முட்டாள் என்று திட்டு, சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன். உனக்கு இருந்தாலும் குட்டிக்கு வரவிடாமல் தடுக்க வழி இருக்கிறதாம். பிறந்த கையோடு ஊசி போட வேண்டுமாம். அதற்கு அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மா பக்கத்திலேயே இருப்பாள். நல்ல செய்தி என்றால், "தொம்னிகா, நீ சித்தி ஆகப்போறேடி!" என்று கத்து. வேறு மாதிரி என்றாலும் அதையே கத்து. உன் குரலில் எனக்குத் தெரிந்துவிடும்.

கடவுள் உங்கள் இருவரையும் காக்கட்டும்.

குட்டியின் சித்தி,
தொம்னிகா