உன் தட்டு நீலம்தான்

என் செல்ல வம்புக்காரிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நன்றாகவே இருக்கிறோம், அப்பாவின் வலது முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துவரவில்லை. நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்கப் போவதில்லை, கேட்டால் "இருக்கேம்மா" என்று ஒரு வார்த்தையை இழுப்பாய், அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய. இருமல் விட்டதா, ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, உடைந்த ஜன்னல் கண்ணாடியை அந்த வீட்டுக்காரர் மாற்றினாரா, இவற்றுக்கு மட்டும் பதில் எழுது. குளிர்சாதனப் பெட்டிக் கம்பெனியில் உன்னை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். பெட்டி குளிரவில்லை என்று போனில் திட்டுகிறவர்களிடம் நாள் முழுக்க மன்னிப்புக் கேட்க உயிரியலில் முதுகலைப் பட்டம் கட்டாயம் வேண்டும்தான். அதுகூடப் போகட்டும், உழைத்துச் சாப்பிடுகிற எந்த வேலையும் கேவலமில்லை. அதற்குக் கீழே "எனக்கு லேப் வேலைக்குக் கை சரியில்லைம்மா, சித்தப்பா சொன்னது உண்மைதான்" என்று ஒரு வரி எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அந்த வரிக்குப் பதில்தான் இந்தக் கடிதம். நீளும், உட்கார்ந்து படி.

உன் சித்தப்பா அவர்களின் பெருமை நீ போன பிறகு வளர்ந்துகொண்டே போகிறது. ஆய்வு நிலையத்துக்கு யார் வந்தாலும், தண்ணீர்க் குழாய் ரிப்பேர் பார்க்க வந்தாலும்கூட, கீழ்த்தளத்துக்கு இழுத்துப் போய் ஜீனை அணைக்கும் தன் புரதத்தைப் பற்றி ஒரு பாட்டம் பேசாமல் விடுவதில்லை. அப்பாவும் தம்பி பெருமையில், அவர் செல் வளர்க்கும் கண்ணாடித் தட்டைக் கையில் பிடித்து இளிக்கிற படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டார். சாப்பிட உட்கார்ந்தால் எனக்கு நேர் எதிரே அவர் பல். ஒருநாள் அப்பா, அப்படி என்னதான் கண்டுபிடித்தான் என்று கேட்டார். ரயில் ஓட்டியவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். உனக்குத் தெரிந்த கதைதான், அம்மா எப்படிச் சமாளித்தேன் என்று பார். ஜீன் என்பது தண்டவாளம், அதன்மேல் ஓடிப் படியெடுக்க ஒரு என்ஜின் இருக்கிறது, என்ஜின் ஓடினால்தான் அந்த ஜீன் வேலை செய்யும். செல்லுக்கு அந்த ஜீன் வேண்டாமென்றால் ஒரு புரதம் வந்து என்ஜின் கிளம்புகிற இடத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடும், என்ஜின் நகராது, ஜீன் அணைந்த மாதிரிதான். அது ஓடுகிறதா நிற்கிறதா என்று கண்ணால் பார்க்கத்தான் தட்டில் சாயம் கலக்கிறோம், ஓடினால் செல் கூட்டம் நீலமாகும், நின்றால் வெள்ளையாகவே இருக்கும். மண்ணில் வாழும் கிருமியிலிருந்து எடுத்த ஒரு புரதம் இப்படி உட்காருகிறது என்பதுதான் உங்கள் தம்பியின் கண்டுபிடிப்பு, அவர் தட்டெல்லாம் வெள்ளை என்று முடித்தேன். நம்ம பொண்ணு தட்டு மட்டும் ஏன் நீலமா வந்துச்சு என்றார். எனக்கு அன்றைக்குப் பதில் தெரியவில்லை. ஆய்வு நிலையத்துத் திங்கட்கிழமைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் "உனக்குக் கை சரியில்லம்மா, எதையாவது மாத்திக் கலந்துருப்ப" என்று சித்தப்பா சொன்னதும், வால்பிடிக்கிற மாணவர்கள் சிரித்ததும், நீ தட்டுகளை எடுத்துக்கொண்டு வெளியே போனதும்தான் ஞாபகம் வந்தது.

பதில் தானாக வந்தது. போன மாதம் நிலையத்தில் நான் பாடம் எடுக்கும் மாடியில், தட்டுகளில் செல்லுக்கான ஊட்டக் கூழ் காய்ச்சி ஊற்றுகிற அறையின் கொதிகலன் படுத்துவிட்டது. முதல் வருஷப் பிள்ளைகளுக்கு மறுநாள் செய்முறை வகுப்பு, வேறு வழியில்லாமல் கீழே போய் உன் சித்தப்பாவின் லேபில் சாயம் கலந்த தட்டுகளை ஓர் அடுக்கு கடன் வாங்கி வந்தேன். பிள்ளைகளுக்குக் கொடுத்தது சாதாரணச் செல்கள், அதில் எந்த மண் புரதமும் கிடையாது, கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தாலும் நீலமாகத்தான் வரவேண்டும். மறுநாள் செல் வளர்க்கும் பெட்டியைத் திறந்தால் ஒரு வகுப்பு முழுக்க வெள்ளை, அதுவும் எப்படி, கொழுகொழுவென்று. பிள்ளைகள் தாங்கள்தான் எதையோ கெடுத்துவிட்டோம் என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றன, அதைப் பார்த்ததும் எனக்கு உன் ஞாபகம். நேரே கீழே இறங்கிப் போய்த் தட்டு ஊற்றுகிறவரிடம் இதில் என்ன கலக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் ஒளிக்காமல், குளுக்கோஸ் மேடம், சார்தான் போடச் சொன்னார், செல் புள்ளிகள் சின்னதா இருந்தா போட்டோவுல எடுப்பா இல்லையாம், ரொம்ப நாளாவே போடுறோம் என்றார். எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. வாய்க்கு நேரே குளுக்கோஸ் இருந்தால் செல் வேறு சர்க்கரையைச் செரிக்க இருக்கிற இந்த ஜீனைத் திரும்பியும் பார்க்காது, என்ஜினைப் பின்னாலிருந்து தள்ளிக் கிளப்புகிற துணைப் புரதம் வேலைக்கே வராது, இதை நான் முதல் வருஷத்தில் சொல்லிக்கொடுக்கிறேன். தண்டவாளத்தில் யாருமே உட்காரவில்லையடி. தள்ளிவிட ஆள் வரவில்லை, அவ்வளவுதான். தன் படம் அழகாக விழவேண்டும் என்று சர்க்கரை கொட்டிவிட்டு, ஜீன் அணைந்துவிட்டது என்று கட்டுரை போட்டு ஊர் ஊராகப் போய்ப் பேசியிருக்கிறார் மகானுபாவர். சரி, புரதம் இல்லாத செல்லையும் பக்கத்தில் வளர்த்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே வெளுத்திருக்குமே என்கிறாயா. அதை ஒரே ஒரு தரம், குளுக்கோஸ் போட ஆரம்பிப்பதற்கு முன்னால் செய்து, அந்த நீலப் படத்தையே இத்தனை நாளும் ஒட்டிக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவு பேர் அந்த லேபில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு அலைகிறார்கள், ஒருத்தருக்குக்கூட மறுபடி செய்து பார்ப்போம் என்று தோன்றவில்லை. சார் சொன்னால் சரி, சார் சிரித்தால் சிரிப்பு.

உனக்கு மட்டும் ஏன் நீலம் என்று இப்போது புரிந்திருக்கும். அவர்கள் தட்டு வரும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் நீ என் அறையிலிருந்து தட்டு எடுத்துக்கொண்டு போவாயே, அதுதான். எங்கள் தட்டில் சர்க்கரை கிடையாது. ஆனாலும் நான் உன் சித்தப்பா மாதிரி நினைத்ததை நம்புகிற ஆளில்லை. உறைபெட்டியில் நீ வைத்துவிட்டுப் போன செல்களை எடுத்து, சர்க்கரை போட்ட தட்டிலும் போடாத தட்டிலும், புரதத்தோடும் புரதம் இல்லாமலும் வளர்த்தேன், திரும்பவும் வளர்த்தேன். சர்க்கரை இருந்த தட்டெல்லாம் வெள்ளை, இல்லாததெல்லாம் நீலம், உன் சித்தப்பாவின் புரதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போய் அவர் மேஜையில் பரப்பினேன். மனிதர் ஒவ்வொரு தட்டாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து, "அண்ணி, இது நம்ம குடும்பத்துக்குள்ளயே இருக்கட்டுமே" என்றார். அடுத்த கட்டுரையில் மெதுவாகத் திருத்திக்கொள்வாராம், அதில் உன் பெயரையும் என் பெயரையும் போடுவாராம். என் பெண்ணை நாலு பேர் முன்னால் சொன்னபோது அது எந்தக் குடும்பம் என்று கேட்டேன். டீ சொல்லட்டுமா என்றார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். தம்பி பாசம், எனக்குத் தெரியாதா, தலையைக் குனிந்துகொண்டு முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார். நீ சொன்னது சரிதானா என்று மட்டும் மறுபடி மறுபடி கேட்டார். சரி என்றேன். எழுந்து நொண்டிக்கொண்டே போய் அந்தப் படத்தைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினார், இப்போது அந்த ஆணியில் குடை தொங்குகிறது. பிறகு தம்பிக்குப் போன் போட்டு, நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, "எந்தக் கூட்டத்துல என் பொண்ணு கை சரியில்லன்னு சொன்னியோ, அதே கூட்டத்துல சரின்னு சொல்லு. சொல்லிட்டு என் வீட்டுப் படியேறு" என்றார். உன் அப்பா தம்பியிடம் குரல் உயர்த்தி நான் பார்த்ததில்லை, அன்றைக்கும் உயர்த்தவில்லை.

திங்கட்கிழமை கூட்டத்தில் சித்தப்பா எழுந்தார். சில தட்டுகளில் ஊட்டம் சார்ந்த ஒரு தாக்கம் கவனத்துக்கு வந்துள்ளது என்று ஆரம்பித்து, சுற்றிச் சுற்றி எங்கேயோ போய்க்கொண்டிருந்தார். யார் தட்டு சரியாக இருந்தது என்பதையும் சொல்லுங்கள் என்றேன் கடைசி வரிசையிலிருந்து. ஏதோ முணுமுணுத்தார். கேட்கவில்லை என்றேன். "அவ தட்டுதான் சரி. அவ கையில தப்பு இல்ல, தப்பு என்னோடது" என்றார், இந்த முறை எல்லாருக்கும் கேட்டது. அன்றைக்குச் சிரித்த மகராசர்கள் எல்லாரும் தங்கள் செருப்பை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்கள். வெளியிட்ட கட்டுரையைத் திரும்பப் பெறவும் எழுதிப்போட்டாகிவிட்டது, நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுத வைத்தேன்.

உன்னையும் சும்மா விடுவதாக இல்லை. அவர் அப்படித்தான், அவருக்குப் படம் வேண்டும். ஆனால் உன் கண்ணெதிரே தட்டு நீலமாக இருந்தது, அதை விட்டுவிட்டு அவர் வாயை நம்பினாயே, என் வயிற்றில் பிறந்துவிட்டு உனக்கு எங்கேயிருந்து வந்தது அந்தப் புத்தி. எனக்கு அவர்மேல் வந்தது வெறும் இளக்காரம், உன்மேல்தான் கோபம். பிறகு ராத்திரியில் நினைத்துப் பார்த்தால் அழுகை வருகிறது, அதையும் எழுதிவிடுகிறேன். திரும்பி வா என்று கெஞ்ச மாட்டேன், எனக்குக் கெஞ்ச வராது. என் மாடியில் ஜன்னலோர மேஜை காலியாக இருக்கிறது, அதன்மேல் யாரையும் பை வைக்கவிடுவதில்லை, அவ்வளவுதான் சொல்வேன்.

சித்தப்பா போன் செய்வார், குரலில் தேன் ஒழுகும், எடுத்துக் கேட்டுக்கொள், உடனே பரவாயில்லை சித்தப்பா என்று சொல்லித் தொலைக்காதே, கொஞ்ச நேரம் பேசட்டும். கழுத்துக்குத் துணி சுற்றிக்கொண்டு வெளியே போ. நோய் நொடி இல்லாமல், யாருக்கும் தலை குனியாமல் நன்றாக இரு, எங்கள் இருவர் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. ஒன்றை மறந்துவிடாதே. கம்பெனியில் நிரந்தர வேலைக்குக் கையெழுத்துப் போடவேண்டுமென்று உனக்கு ஆசையாக இருந்தால் தாராளமாகப் போடு. கை சரியில்லை என்பதற்காகப் போடாதே.

உன் செல்களை இன்று காலையும் திறந்து பார்த்த,
அம்மா