வயரைத் தொடக்கூடாது என்ற சட்டம்

14-11-2009, சனி

பேத்தி ஸ்டெல்லாவின் பாஸ் உகுலேலே, அந்தக் குட்டி கிட்டார், இன்று சர்ச் கொயர் ஒத்திகையில் மறுபடியும் ஊமையாகிவிட்டது.

"உள்ள சத்தம் பிடிக்கிற பிக்கப் போயிடுச்சு. பாப்பாவுக்குச் சாமானைப் பார்த்துக்கத் தெரியல. நாளைக்கு ஆராதனையில வேணாம்" என்றார் கொயர் மாஸ்டர்.

கோயிலில் யாரும் ஸ்பீக்கர் வயரைத் தொடக்கூடாது என்று சட்டம் போட்டவரே அவர்தான். வாரம் முழுக்க வாத்தியத்தில் வயர் சொருகியே கிடந்தால் உள்ளே இருக்கிற பேட்டரி தீராதா? வாத்தியப் பெட்டியோடு வந்த தாளில் வயரைப் பிடுங்கச் சொல்லிப் படமே போட்டிருக்கிறது. நான் புது பேட்டரி போட்டதும் கும்மென்று முழங்கியது.

"வயரைப் பிடுங்கி வெச்சா போதும், மாஸ்டர்" என்றேன்.

"சும்னே இரு ஆயா! அஞ்சாங்கிளாஸ் படிச்சது எனக்குப் பாடம் எடுக்குது" என்று எல்லார் முன்னாலும் சிரித்தார்.

"நீங்க மன்னிப்பு கேக்கற வரைக்கும் என் பேத்தி வாசிக்க மாட்டா" என்று சொல்லி அவளை வீட்டுக்கு இழுத்து வந்துவிட்டேன்.

ஸ்டெல்லா சாப்பிடாமல் படுத்துவிட்டாள். வாசிக்க ஆசையா என்று அவளை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனாலும் அந்த ஆள் எப்படிச் சிரிக்கலாம்?