கூட்டம் பாடாத வரி

கோபம் தீராதவளுக்கு,

டென்மார்க்கிலிருந்து எழுதுகிறேன். அமெரிக்காவில், நம் ஒகையோவில், எங்கள் குழுவின் பாட்டுக்கு வரும் கூட்டத்தைத் திடல் கொள்ளாது. இங்கே நாற்பது பேர் வந்தார்கள். எல்லாரும் நல்ல மனிதர்கள். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் மரியாதையாகக் கைதட்டினார்கள். அதுதான் எனக்கு எரிச்சல்.

உனக்காக எழுதிய பாட்டு வந்தது. “இரு, இன்னும் கொஞ்சம் இரு” என்ற வரிக்கு முன்னால் வழக்கம்போல வாத்தியங்களை நிறுத்தி, மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினேன். நம் ஊரில் என்றால் வானம் பிளக்கிற மாதிரி அவர்களே பாடிவிடுவார்கள். இங்கே சத்தமே இல்லை. முன்வரிசையில் ஒரு பெண் மைக்கை வாங்கி, “ரொம்ப நன்றிங்க” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்!

டிரம்ஸ் அடிக்கும் டுவெய்ன் பின்னாலிருந்து கத்தினான்: “அவங்களுக்கு எப்படிய்யா தெரியும்? நீயே பாடித் தொலை!”

பாடினேன். குரல் பாதியில் நின்றுவிட்டது.

நம் பாட்டெல்லாம் ஏன் கடல் தாண்டினால் எடுபடுவதில்லை என்று பிறகு அவனிடம் கேட்டேன். “பாதிப் பாட்ட ஊர்க்காரங்ககிட்டயே விட்டுட்டு வந்துட்டோம்ல, அப்புறம் எப்படி எடுபடும்?” என்றான்.

சிரித்தேன். ஆனால் நீ உன் அக்கா வீட்டுக்குக் கிளம்பிய காலைதான் நினைவுக்கு வந்தது. பெட்டியோடு நீ வாசற்படியில் கொஞ்ச நேரம் நின்றாய். நானும் நின்றேன், அந்த வரியை வேறு யாராவது பாடட்டும் என்பதைப் போல.

வியாழக்கிழமை உன் அக்கா வீட்டுக்கு வருகிறேன். என்னோடு வேறு யாரும் வரமாட்டார்கள்.

இப்படிக்கு,
தொண்டை கட்டியவன்